மேல்காற்றுக்கு ஈடுகொடுக்கும் டிஸ்க்: நெல்லைச் சீமையில் ஓவர்ஸ்டேபிள் ஃபேர்வே டிரைவர் வாங்குவது எப்படி?

ஃபிரிஸ்பி போன்ற தட்டை வீசி ஆடும் டிஸ்க் கோல்ஃப் பழக வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, எந்த டிஸ்க் அதிக தூரம் போகும் என்பதுதான். திருநெல்வேலிப் பக்கம் இந்த ஆட்டத்தைத் தொடங்குகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: காற்றடிக்கிற நாளில் எந்த டிஸ்க் சொன்ன பேச்சைக் கேட்கும்? வைகாசிக் கடைசியில் தொடங்கிப் புரட்டாசி வரை செங்கோட்டைக் கணவாயும் ஆரல்வாய்மொழிக் கணவாயும் மேற்கிலிருந்து வரும் மேல்காற்றுக்கு வழி திறந்துவிடுகின்றன. பணகுடி, வள்ளியூர், ராதாபுரம், கயத்தாறு என்று காற்றாலைகள் வரிசை கட்டி நிற்கும் ஊர்களில் அந்தக் காற்றைப் பற்றி யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தக் காற்றுக்கு முன்னால் சாதாரண டிஸ்க் எழும்பி, வலப்புறம் புரண்டு, உடைமரத்துக்குள் போய்விடும். அப்போது பையில் இருக்க வேண்டியது, அப்படி எளிதில் புரளாத ஓவர்ஸ்டேபிள் ஃபேர்வே டிரைவர். ஒன்று போதும். அந்த ஒன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

ஆட்டத்தையே இப்போதுதான் கேள்விப்படுகிறவர்களுக்கு ஒரு சுருக்கம். சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடைதான் இலக்கு. குறைந்த வீச்சுகளில் டிஸ்கைக் கூடையில் சேர்த்தவர் வெற்றி பெறுவார். எட் ஹெட்ரிக் என்ற அமெரிக்கர் 1970களில் இந்த விளையாட்டுக்கு ஓர் ஒழுங்கு கொடுத்தார். இதன் விதிகளை வகுக்கும் அமைப்பான பிடிஜிஏ 1976-இல் அவர் தொடங்கியது. கூடைக்கு அருகிலிருந்து போடுவதற்குப் பட்டர், நடுத் தூரத்துக்கு மிட்ரேஞ்ச், நெடுந்தூரத்துக்கு டிரைவர் என்று டிஸ்குகள் மூன்று வகை. டிரைவர்களுக்குள் வேகம் குறைந்ததும் கட்டுக்குள் நிற்பதுமான பிரிவுதான் ஃபேர்வே டிரைவர். கூடை இல்லையே என்று தயங்க வேண்டாம். நட்ட கம்பில் துணியைக் கட்டினால் பழகுவதற்கு அது போதும்.

இந்தக் கட்டுரை முழுவதும் வலது கையால் பேக்ஹேண்ட் (கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய் வெளிப்பக்கமாக வீசுவது) வீசுகிறவரை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். இடது கைக்காரர்கள் இடத்தை வலமாகவும் வலத்தை இடமாகவும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

ஓவர்ஸ்டேபிள் என்றால் என்ன நடக்கிறது?

வலது கை பேக்ஹேண்டில் கிளம்பும் டிஸ்க், மேலிருந்து பார்த்தால் கடிகார முள் போகும் திசையில் சுழல்கிறது. சுழலும் பம்பரத்தை விரலால் தட்டினால், அது தட்டிய பக்கமே சாயாமல் பக்கவாட்டில் சாயும். டிஸ்கும் அப்படித்தான். வேகமாகப் போகும்போது, அதைத் தூக்கிப் பிடிக்கும் காற்றின் விசை மையத்துக்குச் சற்றுப் பின்னால் விழுந்தால் முன்விளிம்பைக் கீழே அழுத்தப் பார்க்கும். சுழற்சி அந்த அழுத்தத்தை வலப்பக்கச் சாய்வாக மாற்றிவிடும். வேகம் குறைந்து டிஸ்க் இறங்கத் தொடங்கும்போது விசை முன்னால் நகர்ந்து முன்விளிம்பைத் தூக்கும். அது இடப்பக்கச் சாய்வாக முடியும். முதலாவதற்கு டர்ன் என்று பெயர், இரண்டாவதற்கு ஃபேட். டர்ன் மிகக் குறைவாகவும் ஃபேட் மிக அதிகமாகவும் இருக்கும்படி வடிவமைத்த டிஸ்க்தான் ஓவர்ஸ்டேபிள். என்ன வேகத்தில் வீசினாலும் வலப்பக்கம் புரள மறுக்கும், முடிவில் உறுதியாக இடப்பக்கம் வந்து விழும்.

எதிர்காற்றில் இந்தக் குணம் ஏன் உதவுகிறது என்பதும் இதிலிருந்தே விளங்கும். எதிர்காற்றில் டிஸ்க் சந்திக்கும் காற்றின் வேகம் கூடுகிறது. உண்மையில் வீசியதைவிட வேகமாக வீசியதுபோல அது நடந்துகொள்ளும், டர்ன் அதிகமாகும். காற்றில்லாத காலையில் நேராகப் போன டிஸ்க், மேற்கு நோக்கி வீசினால் வலப்பக்கம் கவிழ்வது இதனால்தான். ஓவர்ஸ்டேபிள் டிஸ்கோ, அதே காற்றில் கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும்.

முதல் படி: கையை அளந்துகொள்ளுங்கள்

புதிதாக வருகிறவர்களில் பலர் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பணம் வீணாகும் இடமும் இதுதான்.

காற்று அடங்கியிருக்கும் விடியற்காலையில், ஏழு மணிக்கு முன்னால், உங்களிடமுள்ள மிட்ரேஞ்ச் டிஸ்கைப் பலமுறை வீசிப் பாருங்கள். நல்ல வீச்சுகள் விழுந்த இடத்தைக் காலடியால் அளந்துகொள்ளுங்கள். வளர்ந்தவரின் சாதாரண எட்டு ஏறத்தாழ முக்கால் மீட்டர். எண்பது எட்டு என்றால் 60 மீட்டர், நூறு எட்டு என்றால் 75 மீட்டர்.

அறுபது மீட்டரைத் தாண்டவில்லை என்றால் ஓவர்ஸ்டேபிள் டிரைவரை இப்போது வாங்காதீர்கள். அந்த வேகத்தில் உங்களுக்கு எல்லா டிஸ்கும் ஓவர்ஸ்டேபிள்தான். கையில் இருப்பதே காற்றுக்கு ஓரளவு தாங்கும். வாங்கும் டிரைவரோ நாற்பது மீட்டரிலேயே இடப்பக்கம் செங்குத்தாக இறங்கிவிடும். உங்களுக்கு இன்னோவா நிறுவனத்தின் லெப்பர்ட் போன்ற, முடிவில் மென்மையாகத் திரும்பும் டிஸ்கும் சில மாதப் பழக்கமும்தான் தேவை. எழுபத்தைந்து மீட்டர் எட்டுகிறவர்கள் அடுத்த படிக்குப் போகலாம்.

இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிஸ்க் மேலே மேலே ஏறி, ஒரு கணம் நின்று, இடப்பக்கம் சரிகிறதா? அப்படியானால் குறை வேகத்தில் இல்லை, முன்விளிம்பு தூக்கிக்கொண்டு கிளம்புகிறது. டிஸ்கும் முன்கையும் ஒரே கோட்டில் இருக்கும்படி மணிக்கட்டைச் சற்றுக் கீழே மடக்கிப் பிடித்தால் பெரும்பாலும் சரியாகும். இதைத் திருத்தாமல் எந்த டிஸ்க் வாங்கினாலும் மேல்காற்று அதைத் தூக்கி முதுகுக்குப் பின்னால் போட்டுவிடும்.

இந்தக் கணக்குக்கு விலக்கு ஃபோர்ஹேண்ட் வீசுகிறவர்கள். விரல்களால் சுண்டி வீசும் ஃபோர்ஹேண்டில் டிஸ்க் கையைவிட்டுப் போகும்போது ஆடும். மென்மையான குணமுள்ள டிஸ்க் அந்தத் தள்ளாட்டத்தில் கவிழ்ந்துவிடும்; ஓவர்ஸ்டேபிள் அதைப் பொறுத்துக்கொண்டு தன் வழிக்கு வரும். கிரிக்கெட்டில் பக்கவாட்டில் கையைத் தாழ்த்திப் பந்தை எறிந்து பழகியவர்களுக்கு ஃபோர்ஹேண்ட் சீக்கிரம் கைவரும் என்பதால், நம் பிள்ளைகளில் பலருக்கு இந்த விலக்கு பொருந்தும்.

இரண்டாம் படி: நான்கு எண்களைப் படிப்பது

பெரும்பாலான டிஸ்குகளுடன் நான்கு எண்கள் வரும். வரிசை இது: ஸ்பீட், க்ளைட், டர்ன், ஃபேட். ஸ்பீட் என்பது அந்த டிஸ்க் ஒழுங்காகப் பறக்க அதற்கு எவ்வளவு வேகம் கொடுக்க வேண்டும் என்பதைக் காட்டும். அது தரும் வேகம் என்று நினைத்துவிடக் கூடாது. ஃபேர்வே டிரைவர்கள் 6 முதல் 9 வரை. க்ளைட் என்பது மிதந்து நிற்கும் தன்மை. டர்ன் எண் கழித்தல் குறியோடு வந்தால் வலப்பக்கம் போகும். 0 என்றால் போகாது. ஃபேட் 3, 4 என்று ஏற ஏற இடப்பக்கத் திருப்பம் கடுமையாகும்.

நமக்கு வேண்டியது டர்ன் 0, ஃபேட் 3 அல்லது அதற்கு மேல். க்ளைட் 3 அல்லது 4 இருந்தால் நல்லது. க்ளைட் அதிகமான டிஸ்கைக் காற்று தூக்கிவிடும் என்பதால், காற்றுக்காக வாங்கும்போது அந்த எண் சிறிதாக இருப்பதே நமக்கு ஆதாயம். இந்த எண்களை ஒவ்வொரு நிறுவனமும் தன் வழக்கப்படி போடுகிறது. ஒரே நிறுவனத்தின் டிஸ்குகளை ஒப்பிட அவை நம்பகமானவை. இரண்டு நிறுவனங்களுக்கு நடுவில் ஒப்பிடும்போது தோராயமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: எந்த மாதிரி?

இந்த வகையில் உலகெங்கும் பேர் பெற்றது இன்னோவாவின் ஃபயர்பேர்ட்: 9, 3, 0, 4. டிஸ்க்ராஃப்ட்டின் ராப்டரும் டிஸ்க்மேனியாவின் எஃப்டி3-யும் 9, 4, 0, 3. மூன்றும் அருமையான டிஸ்குகள், ஆனால் மூன்றும் ஸ்பீட் 9. அந்த வேகத்தைக் கொடுக்கப் பொதுவாக 90 மீட்டர் வீசும் கை வேண்டும் என்பார்கள்.

புதியவர்களுக்கு ஸ்பீட் 7 பக்கம் போங்கள் என்றே நான் உறுதியாகச் சொல்வேன். இன்னோவாவின் பான்ஷீ 7, 3, 0, 3. எம்விபியின் ரெஸிஸ்டர் 6.5, 4, 0, 3.5. விளிம்பு அகலம் குறைவு, விரல்களுக்குள் அடங்கும், கையைவிட்டு ஒழுங்காகக் கிளம்பும். 75 மீட்டர் வீசுகிறவர் கையிலும் இவை பெயருக்கேற்ப நடக்கும். ஃபயர்பேர்டை அதே கை வீசினால் அதன் ஃபேட் மட்டும்தான் தெரியும்.

இன்னோவாவின் ஈகிளும் டீபேர்டும் இந்தப் பேச்சில் அடிக்கடி வரும். ஈகிள் 7, 4, -1, 3. முடிவில் நன்றாகத் திரும்பும், ஆனால் அந்தக் கழித்தல் ஒன்று ஆடிக் காற்றில் வெளிப்பட்டுவிடும். டீபேர்ட் 7, 5, 0, 2. அடக்கமான நேர்கோட்டு டிஸ்க், மாசி பங்குனியில் அதைவிட நல்ல துணை இல்லை. ஆனால் க்ளைட் 5 என்பதால் மேல்காற்றில் மிதக்கும். இரண்டும் பின்னால் வாங்க வேண்டியவை.

நான்காம் படி: எடை, பிளாஸ்டிக், நிறம்

விதிப்படி டிஸ்கின் எடை, விட்டத்தின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 8.3 கிராமுக்கு மேல் போகக் கூடாது. டிரைவர்களின் விட்டம் ஏறத்தாழ 21 சென்டிமீட்டர் என்பதால் அதிகபட்சம் 175 கிராம் வாக்கில் வரும். காற்றுக்காக வாங்குவது 170 முதல் 175 வரை இருக்கட்டும். கை சற்று மெதுவானவர்களும் இளையவர்களும் 165-க்கு இறங்கலாம். அதற்கும் கீழே போனால் வாங்கிய நோக்கமே கெட்டுவிடும். ஒரே அச்சில் வார்த்தாலும் எடை குறைந்த டிஸ்க் எளிதில் புரளும்.

பிளாஸ்டிக்கில் கஞ்சத்தனம் வேண்டாம். இன்னோவாவில் டிஎக்ஸ் விலை குறைந்தது, பிடி நன்றாக இருக்கும். ஆனால் கரிசல் கட்டியிலும் சரளைக் கல்லிலும் சில வாரங்களில் விளிம்பு சிதைந்து ஓவர்ஸ்டேபிள் குணமே போய்விடும். சாம்பியன் வகை கண்ணாடிபோல் கடினமானது, பனைமரத்தில் மோதினாலும் வடிவம் மாறாது. பொதுவாக அதில் வார்த்த டிஸ்க் இன்னும் அதிக ஓவர்ஸ்டேபிளாகப் பறக்கும். ஸ்டார் வகை இரண்டுக்கும் நடுவே. டிஸ்க்ராஃப்ட்டில் இஸட், இஎஸ்பி என்பவை இதே தரத்தவை. சாம்பியனில் ஒரு சிரமம் உண்டு: வியர்வைக் கையில் வழுக்கும். ஒவ்வொரு வீச்சுக்கும் முன்னால் கையையும் விளிம்பின் உட்புறத்தையும் துண்டால் துடைப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

நிறத்தை அழகுக்காக எடுக்காதீர்கள், தரையைப் பார்த்து எடுங்கள். திசையன்விளைப் பக்கத்துத் தேரிச் செம்மண்ணில் சிவப்பும் ஆரஞ்சும் கண்ணுக்குத் தெரியாது. வெள்ளை அல்லது வெளிர்நீலம் வேண்டும். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவிப் பச்சைக்குள் அடர் ரோஜா நிறம் தூரத்திலிருந்தே கூப்பிடும். காய்ந்த புல்லில் மஞ்சள் மறைந்துவிடும். கரிசலில் எந்த வெளிர் நிறமும் சரி.

வெளிநாட்டிலிருந்து தனியாக ஒரு டிஸ்க் வரவழைத்தால் அனுப்பும் செலவும் சுங்க வரியும் சேர்ந்து டிஸ்கின் விலையையே தாண்டிவிடலாம். நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே பார்சலாக வாங்குங்கள்.

ஐந்தாம் படி: கைக்கு வந்ததும் பார்க்க வேண்டியவை

ஒரே பெயர், ஒரே பிளாஸ்டிக், ஒரே எடை. ஆனாலும் இரண்டு டிஸ்குகள் ஒன்றுபோல் பறக்காது. வார்த்த பிறகு பிளாஸ்டிக் ஆறும் விதத்தில் வேறுபாடு வரும். பார்சலைப் பிரித்ததும் யாருக்கு எது என்று பங்குபோடுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் மட்டமான மேசையிலோ சிமெண்டுத் தரையிலோ வரிசையாக வையுங்கள். கண்ணைத் தரைமட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பக்கவாட்டில் பாருங்கள். விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடு ஒன்று ஓடும். அச்சின் மேல்பாதியும் கீழ்பாதியும் சேர்ந்த இடம் அது. அந்தக் கோடு தரையிலிருந்து எதில் உயரமாக இருக்கிறதோ அதுவே அதிக ஓவர்ஸ்டேபிளாக இருக்க வாய்ப்பு. அடுத்து மேற்புறம். குவிந்திருப்பது மிதக்கும், தட்டையாக இருப்பது காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். நமக்குத் தட்டையானது. விளிம்பில் வார்ப்புப் பிசிறு இருந்தால் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிடலாம், விதி அதை அனுமதிக்கிறது.

கீழ்ப்புறத்தில் உங்கள் பெயரையும் தொலைபேசி எண்ணையும் அழியாத மையால் எழுதுங்கள். இன்று தொலைந்த டிஸ்கை நாளை ஆடு மேய்க்க வருகிறவர் கண்டெடுப்பார்.

ஆறாம் படி: ஒரே திடலில் நான்கு திசை

மேல்காற்று வீசும் காலம் டிஸ்கின் குணத்தைப் படிக்க ஏற்ற காலம். அப்போது தாமிரபரணிப் பாசன வயல்களில் கார் நெல் நிற்கும். அங்கே இறங்கக் கூடாது. ஐப்பசி மழைக்குக் காத்துக் கிடக்கும் கரிசல் தரிசுகளும் பள்ளி மைதானங்களும்தான் இடம். தரிசாகவே இருந்தாலும் நிலத்துக்காரரிடம், "அண்ணாச்சி, காலையில் கொஞ்ச நேரம் இங்கே இதை வீசிப் பழகிக்கொள்ளலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். அருகில் குளம் இருந்தால் தள்ளிப் போங்கள். இந்த எடையில் டிரைவர்கள் தண்ணீரில் மூழ்கிவிடும். ஆளோ ஆடோ மாடோ எதிரில் இருந்தால் வீசவே கூடாது. கூர்விளிம்புள்ள டிஸ்க் பட்டால் காயம் கடுமையாக இருக்கும்.

நடுவில் நின்று முதலில் மேற்கே வீசுங்கள். முகத்துக்கு நேரே காற்று. டிஸ்கை மட்டமாக, இடுப்புக்குச் சற்று மேலே, தாழ்வாக விடுங்கள். நேராகப் போய்க் கடைசியில் கொஞ்சம் இடப்பக்கம் திரும்பினால் டிஸ்க் உங்கள் கைக்குப் பொருந்திவிட்டது. வலப்பக்கம் கவிழ்ந்தால் இன்னும் கடுமையான மாதிரி வேண்டும், அல்லது வீசும்போது டிஸ்கின் வெளிவிளிம்பை, அதாவது உடம்புக்கு அப்பால் இருக்கும் இடவிளிம்பை, சற்றுத் தாழ்த்திவிட வேண்டும். கிளம்பிய உடனே இடப்பக்கம் பாய்ந்தால் உங்கள் கைக்கு அது அதிகம்.

பிறகு திரும்பிக் கிழக்கே வீசுங்கள். பின்காற்றில் டிஸ்க் உணரும் வேகம் குறைவதால் சீக்கிரம் திரும்பும், சீக்கிரம் விழும். தூரமும் வராது, துல்லியமும் வராது. பின்காற்றுக்கு இந்த டிஸ்கை எடுக்கக் கூடாது என்பதைக் கை தானாகக் கற்றுக்கொள்ளும்.

வடக்கும் தெற்கும்தான் நுணுக்கமானவை. இடப்பக்கம் திரும்பும் டிஸ்க் இடவிளிம்பைத் தாழ்த்தி வலவிளிம்பைத் தூக்கியிருக்கும். அதன் மேற்புறம் இடத்தைப் பார்க்கும், அடிப்புறம் வலத்தைப் பார்க்கும். வடக்கே பார்த்து வீசினால் மேற்கு இடக்கைப் பக்கம். காற்று டிஸ்கின் மேற்புறத்தில் அடித்துத் தரையில் அழுத்தும். திரும்பத் தொடங்கிய இடத்திலேயே விழும், ஓடாது. தெற்கே பார்த்து வீசினால் அதே காற்று வலப்பக்கத்திலிருந்து வந்து வயிற்றைத் தூக்கும். திரும்பத் தொடங்கிய டிஸ்க் விழாமல் கிழக்கே மிதந்துகொண்டே போகும், எதிர்பார்த்த இடத்திலிருந்து இருபது முப்பது எட்டு தள்ளிக்கூட இறங்கும். அதனால் தெற்கே வீசும்போது இலக்குக்கு நன்றாக வலப்பக்கம் குறிவைக்க வேண்டும், உயரம் கொடுக்கவே கூடாது. இந்த இரண்டு திசையையும் மாறி மாறிப் பழகினால், எந்த ஊர் மைதானத்துக்குப் போனாலும் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்த உடனே டிஸ்க் எங்கே விழும் என்று சொல்லிவிடலாம்.

ஐப்பசியில் வாடைக்காற்று தொடங்கியதும் இந்தக் கணக்கு முழுவதும் திசை மாறும். மறுபடி ஒருமுறை நான்கு பக்கமும் வீசிப் பாருங்கள்.

எதற்கெல்லாம் எடுக்கலாம்?

எதிர்காற்று மட்டும் இதன் வேலை அல்ல. பனைவரிசைக்குப் பின்னால் இருக்கும் இலக்குக்கு, வெளிவிளிம்பை நன்றாகத் தாழ்த்தி வலப்பக்கம் சுற்றி அனுப்பலாம். கட்டாந்தரையில் தாழ்வாக வீசினால் தரையில் பட்டு இடப்பக்கம் சறுக்கிக்கொண்டே போகும். மழைக்கு முந்தைய கரிசலில் அந்தச் சறுக்கல் வெகுதூரம் வரும் என்பதால் இலக்குக்கு முன்னாலேயே இறக்குங்கள். முள்ளுக்குள் மாட்டிக்கொண்டால் தலைக்கு மேலாகச் செங்குத்தாக எறிவதற்கும் இதன் உறுதி உதவும். வெளிவிளிம்பை உயர்த்தி வலப்பக்கம் விட்டு, நடுவானில் இடப்பக்கம் திரும்பவைக்கும் வீச்சும் உண்டு. அதற்குக் கை வேகம் வேண்டும், அவசரமில்லை.

வெயிலில் நிற்கும் காருக்குள் டிஸ்கை விட்டுவிட்டு வராதீர்கள், சூட்டில் வளைந்துவிடும். வீட்டில் மட்டமாகப் படுக்கவையுங்கள்.

ஒரு வருடம் வீசிய பிறகு விளிம்பு தேய்ந்து ஃபேட் குறையத் தொடங்கும். அப்போது வேறு பெயருக்குத் தாவாமல் அதே மாதிரியில், அதே எடையில், புதிதாக இன்னொன்று வாங்குங்கள். பழையதைக் காற்றில்லாத நாளின் நேர் வீச்சுகளுக்கு வைத்துக்கொள்ளலாம், புதியது மேல்காற்றுக்கு. இரண்டும் கைக்கு ஒன்றுபோலவே இருப்பதால் பிடியை மாற்ற வேண்டியிருக்காது.